18 டிகிரியில் வேர்த்த ட்ரைவ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் ஃபிலிம் தயாரிக்கும் ஓர் ஆலை. அங்கே எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்) மோட்டாரை ஓட்டும் 315 கிலோவாட் ட்ரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), போன வருட வடகிழக்குப் பருவமழை முழுக்க எங்களைப் படுத்தி எடுத்தது. இந்த வருடம் மழை தொடங்கி முடிந்தும்விட்டது. எர்த் ஃபால்ட், அதாவது மின்சாரம் பூமிக்குக் கசியும் கோளாறு, ஒன்றுகூட வரவில்லை. இனி எழுதி வைக்கலாம். கடலோர ஊரில் திரவத்தால் குளிரும் ட்ரைவை வைத்துக்கொண்டு, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) செட்பாயிண்ட்டை, அதாவது அதில் வைக்கும் வெப்ப அளவை, எவ்வளவு இறக்கினால் அவ்வளவு நல்லது என்று இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலில் அமைப்பு. பிளாஸ்டிக் தூளும் உப்புக்காற்றும் இருக்கிற இடம் என்பதால், விசிறி வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ட்ரைவ் அங்கே தாங்காது. ஆகவே மூடிய பேனல், உள்ளே கூலண்ட் ஓடும் ட்ரைவ். 315 கிலோவாட்டில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் வெப்பமாகப் போகும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 8 கிலோவாட் வெப்பத்தைக் கூலண்ட் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். மின்சாரத்தை வேகமாக வெட்டி இணைக்கும் ஐஜிபிடி மாட்யூல்கள் ஓர் அலுமினியக் குளிர்தட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தட்டுக்குள் 25 சதவீத புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர் ஓடுகிறது. பைப், ஹோஸ் எல்லாம் சேர்த்து மொத்தக் கொள்ளளவு 45 லிட்டர். ஒரு பம்ப், ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரு பக்கத் திரவமும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாறும் இடம்), ஒரு விரிவுத் தொட்டி (சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தருவது), 3 பார் ரிலீஃப் வால்வு (அழுத்தம் 3 பாரைத் தொட்டால் திறப்பது), மேலே காற்றை வெளியேற்ற ஒரு ஏர் வென்ட். எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கத்தில் ஆலையின் சில்லர் நீர், 10 முதல் 12 டிகிரி. ஃபிலிமைக் குளிர்விக்க எப்படியும் சில்லர் ஓடுகிறதே, அதிலிருந்தே ஒரு கிளை எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவியபோது முடிவு செய்திருக்கிறார்கள்.

ட்ரைவின் கையேட்டில் வரம்புகள் இப்படி: உள்ளே வரும் கூலண்ட் 40 டிகிரி வரை முழுச் சுமை தரலாம். 40-லிருந்து 50 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் 2 சதவீதம் சுமையைக் குறைக்க வேண்டும். 50-க்கு மேல் ஓட்டவே கூடாது. அழுத்தம் அதிகபட்சம் 600 கிலோபாஸ்கல், அதாவது 6 பார். ஓட்டம் குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 40 லிட்டர். வெப்பத்தின் கீழ் வரம்புக்கு 0 டிகிரி என்று போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரே வரி: மேற்பரப்பில் நீர் படியக் கூடாது.

அந்த ஒரு வரிதான் விஷயமே. வட ஐரோப்பாவில் உட்கார்ந்து படிப்பவருக்கு 0 டிகிரி கீழ் வரம்பு. கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து படிப்பவருக்கு, அங்குள்ள ஈரக்காற்றில் நீர் படியத் தொடங்கும் இடமான 27-க்குப் பக்கத்தில். கையேடு இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் சொல்கிறது.

கோளாறு வந்த விதத்தைச் சொல்கிறேன். அக்டோபரில் முதல் மழைக்கு அப்புறம், ஸ்டார்ட் கொடுத்ததும் எர்த் ஃபால்ட் காட்டி ட்ரிப். ரீசெட் செய்தால் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. ஓட ஆரம்பித்துவிட்டால் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. பெரும்பாலும் திங்கள்கிழமை காலை, இல்லாவிட்டால் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு.

எர்த் ஃபால்ட் என்றாலே கை முதலில் மோட்டார் கேபிளுக்குத்தான் போகும். கேபிளை ட்ரைவிலிருந்து கழற்றி, 1000 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தோம். நூற்றுக்கணக்கான மெகாஓம், கசிவே இல்லை. மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்து துடைத்து, கேஸ்கெட் மாற்றினோம். அடுத்த திங்கள் மறுபடி ட்ரிப். கேபிள் கிளாண்டை மாற்றினோம். தரைக்கடியில் போகும் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதால், டிரெஞ்சைத் திறந்து பார்த்ததில் ஒரு முழு ஷிஃப்ட் போனது. கேபிள் உலர்ந்துதான் கிடந்தது.

இதற்கிடையில் கூலண்ட் பைப்பின் வெப்பத்தையும், தொடாமலே வெப்பம் அளக்கும் ஐஆர் கன் வைத்துப் பார்த்திருந்தோம். 27 டிகிரி என்றது. சரி, அது நார்மல்தான் என்று விட்டுவிட்டோம். தடம் மாறியது அங்கேதான். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் பைப்பில் ஐஆர் கன் பைப்பைப் படிக்காது. பைப்பில் பட்டுத் திரும்பும் சுவரின், கூரையின் வெப்பத்தைத்தான் பெரும்பாலும் படிக்கும். பிறகு ஒருநாள் கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் பார்த்தபோது 18 காட்டியது. ஒன்பது டிகிரி வித்தியாசம். இப்போது அந்த பைப்பில் நிரந்தரமாகவே டேப் ஒட்டி, அதன் மேல் பெயிண்ட் மார்க்கரால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த திங்கள் காலை, ஸ்டார்ட் கொடுக்கும் முன்பே பேனலைத் திறந்தோம். மெயின் பிரேக்கர் ஆஃப், பூட்டு, டிசி பஸ்ஸில் மீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வைத்தது. கெபாசிட்டர்கள் இந்த அளவு ட்ரைவில் விளையாட்டுச் சாமான் இல்லை. டார்ச் அடித்தால், உள்ளே போகும் ஹோஸின் கப்ளிங்கில் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வேர்த்திருந்தது. குளிர்தட்டின் கீழ் விளிம்பில் சொட்டுகள் வரிசையாகத் தொங்கின. அதில் ஒன்று, யு ஃபேஸ் பஸ்பாரை (மின்சாரம் போகும் உலோகப் பட்டை) தாங்கும் இன்சுலேட்டரின் மேல் விழுந்து, அதன் பக்கவாட்டில் கீழே வழிந்து, பேனல் பூமியோடு பிணைந்த பிராக்கெட் வரை வெள்ளையாக ஒரு கோடு போட்டிருந்தது. உப்பும் தூசியும் காய்ந்த கோடு. நகத்தால் சுரண்டினால் மாவு போல வந்தது. ஈரமாக இருக்கும்போது அது மின்சாரத்துக்கு வழி. ட்ரைவ் ஓடிச் சூடாகி உலர்ந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். ஓட ஆரம்பித்தால் நாள் முழுக்க ஓடுவதன் ரகசியம் இதுதான்.

காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அதைக் கணக்குப் போட பெரிய சூத்திரம் தேவையில்லை. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரை ஒரு குறுக்குவழி போதும்: 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, அதைக் காற்றின் வெப்பத்திலிருந்து கழித்துவிடுங்கள். அன்று அறையில் 30 டிகிரி, 80 சதவீதம். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. ஆக பனிநிலை 26. முழுச் சூத்திரம் போட்டாலும் 26.2-தான் வருகிறது. 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் 27. பைப் 18-ல் இருக்கிறது. வேர்க்காமல் என்ன செய்யும்?

ஏன் பெரும்பாலும் திங்கள்கிழமை என்பதற்கும் விடை கிடைத்தது. ஞாயிறு எக்ஸ்ட்ரூடர் நிற்கும். ஆனால் கூலண்ட் பம்பை நிறுத்தக் கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லிவைத்ததால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து லைன்கள் ஓடுவதால் சில்லரும் ஓடும். உள்ளே 8 கிலோவாட் வெப்பம் இல்லை. 18-ல் இருந்த கூலண்ட், சில்லர் நீரின் 12 டிகிரியைத் தொடும் அளவுக்கு இறங்கிவிடும். ஓடும்போது குளிர்தட்டு ஐஜிபிடியின் சூட்டால் வெதுவெதுப்பாக இருப்பதால், நுழைவு ஹோஸும் மேனிஃபோல்டும் மட்டும் வேர்க்கும். நிற்கும்போது தட்டு, அதை ஒட்டிய பஸ்பார், பிராக்கெட் எல்லாமே குளிர்ந்து எல்லாமே வேர்க்கும். திங்கள் காலை அதன் மேல் கரண்ட் கொடுக்கிறோம்.

சில்லர் கிளையில் ஒரு மூன்றுவழி வால்வு இருக்கத்தான் செய்தது. கூலண்ட் ரொம்பக் குளிர்ந்தால் சில்லர் நீரைத் திருப்பிவிட வேண்டியது அதன் வேலை. ஆக்சுவேட்டரைக் கழற்றிக் கையால் திருகிப் பார்த்தால் ஸ்பிண்டில் அசையவில்லை. திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி பாட்டுக்கு மூடு மூடு என்று சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

வால்வை மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் ஆலைத் தரப்பில் நினைத்தார்கள். ஆக்சுவேட்டரோடு புதிய வால்வுக்கு 22,000 ரூபாய் விலையும் வாங்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 12 டிகிரி நீரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஒரே ஒரு வால்வை நம்பித் தடுப்பது சரியான ஏற்பாடில்லை. இன்னொரு நாள் அதுவும் திறந்தபடி மாட்டிக்கொள்ளும், மறுபடி வேர்க்கும்.

அதே ஆலையில் கூலிங் டவர் (நீரில் கொஞ்சத்தைக் காற்றில் ஆவியாக்கி மீதியைக் குளிர்விப்பது) இருக்கிறது. ஹைட்ராலிக் ஆயிலைக் குளிர்விக்க அதன் நீர் பக்கத்துச் சுவர் வரை வருகிறது. டவர் நீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவு நல்ல டவராக இருந்தாலும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஆவியாதலால் நீர் இறங்கக்கூடிய கடைசி அளவு) கீழே நீரை அதனால் குளிர்விக்க முடியாது. ஈரக்குமிழ் வெப்பநிலை எப்போதும் பனிநிலைக்குச் சமமாகவோ மேலாகவோதான் இருக்கும். ஆக, வால்வு எப்படி மாட்டிக்கொண்டாலும், டவர் நீர் வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே போகவே போகாது. வால்வு செய்ய வேண்டிய காவலை இயற்கையே செய்துவிடுகிறது. அறைக்குள் யாராவது நீராவி விட்டாலோ, தரையைச் சுடுநீரில் கழுவினாலோ கணக்கு மாறும்; இந்த அறையில் அது இல்லை.

மேல் வரம்புக்கு இது போதுமா என்று பார்க்க வேண்டுமல்லவா? சென்னைப் பக்கம் ஈரக்குமிழ் 28 டிகிரி வரை போவதாக வைத்துக்கொண்டேன். டவர் அதற்கு மேல் 3 அல்லது 4 டிகிரியில் நீர் தரும்: 32. பிளேட் எக்ஸ்சேஞ்சரில் இன்னொரு 3: 35. கையேட்டின் 40-க்கு இன்னும் 5 டிகிரி கையில் இருக்கிறது. ஒருவேளை எக்ஸ்சேஞ்சர் அடைத்து கூலண்ட் 45-க்குப் போனாலும், ட்ரைவ் 90 சதவீதச் சுமை தரும். எக்ஸ்ட்ரூடர் எடுப்பது 78 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மேல் வரம்பைத் தாண்டினால் ட்ரைவ் படிப்படியாக எச்சரித்து, படிப்படியாகச் சுமையைக் குறைக்கும். கீழ் வரம்புக்கு அந்தப் படியெல்லாம் கிடையாது. பனிநிலைக்கு ஒரு டிகிரி கீழே போனாலும் சொட்டு விழும், ஸ்க்ரீனில் எதுவும் வராது. அதனால் 20-ல் ஓடுவதைவிட 35-ல் ஓடுவது மேல் என்று சொன்னேன். சூடாக ஓட்டினால் ஐஜிபிடியின் ஆயுள் குறையாதா என்று கேட்டார்கள். கையேடு 40 வரை முழுச் சுமைக்கு அனுமதி தருகிறது, 35 அதற்குள்தான் இருக்கிறது என்பதே என் பதில்.

செய்த வேலை இதுதான். சில்லர் கிளையை பிளாஞ்சில் பிளைண்ட் (முழு மூடித் தகடு) போட்டு அடைத்தோம். வெறும் வால்வு மூடி விட்டால் யாராவது திறப்பார்கள். டவர் நீரை ஒன்றரை அங்குல பைப்பில் கொண்டுவந்து எக்ஸ்சேஞ்சருக்குக் கொடுத்தோம், முன்னால் அழுக்கை வடிகட்ட ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர். கூலண்ட் பக்கத்தில் மெழுகு எலிமெண்ட் உள்ள தெர்மோஸ்டாட் கலவை வால்வு ஒன்று, 35 டிகிரிக்கு. கார் ரேடியேட்டரில் இருக்கும் அதே தத்துவம். கரண்ட் வேண்டாம், பிஎல்சி வேண்டாம். 35-க்குக் கீழே இருந்தால் கூலண்ட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே சுற்றி வந்துவிடும். விலை 14,000. ஆக்சுவேட்டர் வால்வைவிட மலிவு என்பதால் ஸ்டோர்ஸில் சண்டை போடவும் தேவைப்படவில்லை.

பனிநிலையை அளந்து, அதற்கு 3 டிகிரி மேலே செட்பாயிண்ட் தானாக நகரும்படி செய்யலாம் என்று பிஎல்சி எழுதுபவர் ஆசையோடு வந்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஈரப்பத சென்சார் உப்புக்காற்றில் வருடம் திரும்புவதற்குள் தடம் புரளும். யாரும் அதைச் சரிபார்க்க மாட்டார்கள். நிலையான 35 எந்த மழைநாளிலும் பனிநிலைக்கு மேலேதான் இருக்கும். அதனால் சென்சார் மட்டும் வைத்து, அலாரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஞாயிறு நிலைமைக்கு இரண்டு மாற்றங்கள். ட்ரைவ் நின்று பத்து நிமிடம் கழித்து பம்பும் நிற்கும். பேனலுக்குள் 150 வாட் ஹீட்டர், ட்ரைவ் நிற்கும்போது மட்டும் எரியும். கூலண்ட் அறை வெப்பத்துக்கு இறங்கி நிற்கும். ஆனால் இரவில் குளிர்ந்த இரும்பு, காலையில் கடற்காற்று ஈரத்தோடு வரும்போது உடனே சூடாகாது. அந்த இடைவெளிக்குத்தான் ஹீட்டர்.

மாட்யூலைச் சுத்தம் செய்ததில் சொல்ல அதிகமில்லை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ், பஞ்சு விடாத துணி. வெள்ளைக் கோடு இருந்த இன்சுலேட்டரின் மேற்பரப்பு அரித்திருந்ததால் மாற்றிவிட்டோம். பேனலுக்குள் இரண்டு குண்டு பல்பை எரியவிட்டு இரவு முழுக்க உலர்த்தினோம். குண்டு பல்ப் தேடிக் கடைகடையாக அலைந்ததுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

வெப்பப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. உடனே அழுத்தப் பிரச்சினை ஆரம்பித்தது.

முன்பு இந்த சுற்றில் அழுத்தத்தைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. இப்போது ஓடும்போது ரிலீஃப் வால்வின் வாயில் சொட்டுச் சொட்டாகக் கூலண்ட் விழுகிறது. நிறுத்திக் குளிர்ந்ததும் குறைந்த அழுத்த அலாரம். ஷிஃப்டில் இருப்பவர் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஏற்றுகிறார். மறுநாள் சூடானதும் மறுபடி ரிலீஃப் வால்வு திறக்கிறது. நாம்தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று ஆலையில் பேச்சு வந்துவிட்டது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

விரிவுத் தொட்டியின் மேல் இருக்கும் வால்வு, பைக் டயரில் இருப்பது போன்றதுதான். மூடியைக் கழற்றிப் பின்னை நகத்தால் அழுத்தினேன். காற்று வர வேண்டிய இடத்தில் பச்சைக் கூலண்ட் பீறிட்டு என் சட்டையில் அடித்தது. உள்ளே காற்றையும் திரவத்தையும் பிரிக்கும் ரப்பர் பையான பிளாடர் கிழிந்து, தொட்டி முழுக்கத் திரவம்.

அது நேற்று கிழிந்ததில்லை. எப்போதோ கிழிந்திருக்கிறது. முன்பு கூலண்ட் 12-க்கும் 18-க்கும் இடையிலேயே இருந்ததால் பெரிதாக விரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. இப்போது அறை வெப்பத்திலிருந்து 36, 37 வரை ஏறி இறங்குகிறது. கிளைக்கால் கலந்த 45 லிட்டர் இப்படி ஏறினால் கால் லிட்டருக்குப் பக்கமாக விரியும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் மூடிய பைப்பில் திரவம் மட்டுமே இருந்தால் அதற்கு எங்கே இடம்? எங்கேயோ மாட்டியிருந்த கொஞ்சம் காற்று மட்டுமே மெத்தையாக இருந்திருக்கும். அழுத்தம் விறுவிறுவென்று 3 பாருக்கு ஏறி, ரிலீஃப் வால்வு அந்தக் கால் லிட்டரை வெளியே தள்ளும். குளிர்ந்ததும் அதே கால் லிட்டர் குறைவு, அழுத்தம் சரிந்துவிடும்.

புதிய தொட்டி 8 லிட்டர், 3,800 ரூபாய். பழையது 5 லிட்டர். அதுவே கணக்குப்படி போதும், ஆனால் விலை வித்தியாசம் சில நூறுதான். தொட்டியைப் பொருத்தும் முன், வெறுமையாக இருக்கும்போதே காற்று அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பைப்பில் மாட்டி நிரப்பிய பிறகு அளந்தால் கேஜ் காட்டுவது கூலண்ட் அழுத்தத்தை, காற்றின் முன்னழுத்தத்தை இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் நைட்ரஜன் சிலிண்டர் வாங்கி 1.0 பார் வைத்தேன். குளிர்ந்த நிலையில் கூலண்டை 1.5 பார் வரை நிரப்பினோம். அப்போது தொட்டிக்குள் காற்றுக்கு 6.4 லிட்டர் இடம் இருக்கும். அதில் 0.3 லிட்டர் உள்ளே புகுந்தால் அழுத்தம் 1.6 ஆகும். அவ்வளவுதான். ஓடவிட்டுப் பார்த்தபோதும் கேஜ் முள் அந்த அளவுதான் நகர்ந்தது.

தொட்டியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தொட்டி மாட்டிய இடத்தில் பம்ப் ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறாது. மற்ற இடங்கள்தான் ஏறும் அல்லது இறங்கும். தள்ளும் பக்கத்தில் மாட்டினால், பம்ப் ஓடும்போது உறிஞ்சும் பக்கம் வெற்றிடத்தை நோக்கிப் போய், ஏர் வென்ட் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். இந்த ஆலையில் சரியான இடத்தில்தான் இருந்தது.

6 பார் வரம்புக்கு 3 பார் ரிலீஃப் வால்வு எதற்கு என்று ஆலையின் எலக்ட்ரீஷியன் கேட்டார். நல்ல கேள்வி. ரிலீஃப் வால்வும் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பம்ப் ஓடும்போது 1.8 பார் கூட்டித் தருகிறது; மாட்யூலின் வாயில் 3-உம் 1.8-உம் சேர்ந்து 4.8. யாராவது வெளியேறும் வால்வை மூடிவிட்டால் இந்தப் பம்ப் அதிகபட்சம் 2.6 பார் தள்ளும், அப்போதும் 5.6. எந்த நிலையிலும் 6-ஐத் தொடாது. ரிலீஃப் சொட்டுகிறதே என்று 5 பார் வால்வு மாற்றிவிடலாம் என்று முன்பு ஒரு யோசனை ஓடியிருக்கிறது. நல்லவேளை, ஸ்டோர்ஸில் சரக்கு இல்லை.

பைப்பை மாற்றியதால் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டியிருந்தது. ஃபிட்டர் அண்ணன் கையில் டெஸ்ட் பம்போடு தயாராக வந்துவிட்டார்.

“சார், பத்து கிலோ போட்டு ஒரு மணி நேரம் விட்டுடலாம். எல்லா லைனுக்கும் அப்படித்தான் பண்றோம்.”

“அண்ணே, பைப்புக்கு ஒம்பது போடுங்க. ட்ரைவு ஆறுதான் தாங்கும். முதல்ல ரெண்டு ஹோஸையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு ஜாயின்ட் போட்டுருவோம்.”

கிலோ என்று அவர் சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஏறக்குறைய ஒரு பார்தான். ஹோஸ்களைத் தனியாக இணைத்து, தொட்டியையும் ரிலீஃப் வால்வையும் பிரித்து அடைத்துவிட்டு, தண்ணீரால் 9 பார் வைத்தோம். காற்றால் டெஸ்ட் வேண்டவே வேண்டாம். பிய்த்துக்கொண்டால் ஆளை அடிக்கும். இரண்டு திரெட் ஜாயிண்ட் கசிந்தன, சரி செய்தோம். மாட்யூலைச் சேர்த்த பிறகு 4.5 பாரில் அரை மணி நேரம். டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு கப்ளிங்கிலும் சுற்றி வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரியும்.

கூலண்டையும் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. பக்கெட்டில் ஏற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், போர் தண்ணீர். கடலோரப் போர் தண்ணீரில் குளோரைடு இருக்கும். குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும். நீரில் கரைந்த உப்பை மின்கடத்தலால் அளக்கும் டிடிஎஸ் பேனா வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் முடியாது, ஏனென்றால் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்ட்டே நல்ல கடத்தி. புதுக் கூலண்ட்டிலும் எண் எகிறும். கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் கிளைக்கால் 25-லிருந்து 23-க்கு இறங்கியிருந்தது தெரிந்தது. குளோரைடு பட்டையும் நிறம் மாறியது. அத்தோடு பேச்சில்லை, வடித்துவிட்டோம்.

உறைபனி இல்லாத ஊரில் கிளைக்கால் எதற்கு என்று எல்லா ஆலையிலும் கேட்பார்கள். அரிப்புத் தடுப்பான் அந்தக் கிளைக்காலோடுதான் கலந்து வருகிறது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தடுப்பான் பற்றாது, பாசியும் கிருமியும் வளரும். கூடுதலாகப் போட்டால் திரவம் கெட்டியாகி ஓட்டம் குறையும். 25 போதும். 12 லிட்டர் கான்சன்ட்ரேட் லிட்டர் 300 ரூபாய், மீதிக்கு உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு தண்ணீர். முதலில் வெறும் டீமினரலைஸ்டு தண்ணீரால் இரண்டு முறை சுற்றவிட்டு வடித்தோம். புதுப் பைப்பை ஜிஐ-யில் (துத்தநாகம் பூசிய இரும்பு) போட ஒரு பேச்சு வந்தது, மறுத்துவிட்டேன். துத்தநாகம் தடுப்பானோடு வினைபுரிந்து சேறாகும். 304 ஸ்டெயின்லெஸ், இபிடிஎம் ரப்பர் ஹோஸ்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. கீழிருந்து மெதுவாக ஏற்றி, மேலே இருக்கும் வென்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பம்பை அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி வென்ட். ஓட்டம் நிமிடத்துக்கு 45 லிட்டரில் நிலைக்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். காற்று மாட்டியிருந்தால், ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டரின் மிதவை நடுங்கும். நடுக்கம் நிற்கும் வரை ட்ரைவுக்குச் சுமை கொடுக்கவில்லை.

இப்போது சுமையில் நுழைவு 35, வெளியேற்றம் 37-க்குச் சற்றுக் கூட. முழுச் சுமைக்கு 45 லிட்டர் ஓட்டத்தில் 2.6 டிகிரி ஏற வேண்டும் என்று கணக்கு. 78 சதவீதச் சுமைக்கு இது பொருந்துகிறது. இந்த வித்தியாசம் பெரிதானால் ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். நுழைவே 35-க்கு மேல் ஏறினால் எக்ஸ்சேஞ்சரில் டவர் நீரின் சுண்ணாம்பு படிகிறது என்று அர்த்தம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நாலு தெர்மோவெல் (பைப்பில் வெப்பமானி செருகும் குழி) வேண்டும்; எக்ஸ்சேஞ்சரின் டவர் பக்கத்தில் இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு சுற்று போட்டால், முதல் நாளே நாலு பக்கமும் தெர்மோவெல் வைப்பேன். விரிவுத் தொட்டிக்கு முன்னால் பூட்டு வைத்த ஐசொலேஷன் வால்வும், வடிக்க ஒரு சின்ன டேப்பும் வைப்பேன். இப்போது முன்னழுத்தம் சரிபார்க்க வேண்டுமென்றால் சுற்று முழுவதும் அழுத்தம் இறக்க வேண்டியிருக்கிறது. டாப்அப் தண்ணீருக்குக் கலந்து வைத்த கூலண்ட் கேன் ஒன்றைப் பேனல் பக்கத்திலேயே சங்கிலி போட்டு வைத்துவிட்டோம். போர் குழாயைவிட அது பக்கத்தில் இருந்தால்தான் ஆட்கள் அதை எடுப்பார்கள்.

மொத்தச் செலவு, பைப் வேலை கூலியும் சேர்த்து 61,000 ரூபாய்க்குள் முடிந்தது. டவர் நீருக்கு மாறியதன் தொல்லை ஒன்றுதான்: ஒய் ஸ்ட்ரெய்னர் சீக்கிரம் அடைக்கிறது, கழுவ வேண்டுமென்றால் லைனை நிறுத்த வேண்டும். ஓடும்போதே ஒரு பக்கத்தைக் கழுவக்கூடிய டூப்ளெக்ஸ் ஸ்ட்ரெய்னருக்கு விலை கேட்டிருக்கிறோம். 38,000 சொல்கிறார்கள். ஆலை மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை; அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் வருபவர்தான் அதைக் கழுவுகிறார்.